மாப்பிள்ளை மாட்டின அலாரம்

வாங்க தம்பி, வாங்க. அலாரம் கம்பெனியில இருந்துதானே? செருப்பை வாசல்லயே விட்டுருங்க. காலையில வர்றேன்னு போன்ல சொல்லிப்போட்டு இப்பத்தான் வர்றீங்க. பரவால்ல, வந்தீங்களே. இந்த சோபால உக்காருங்க. பாத்து, கவர் வழுக்கும். சோபா புதுசுங்க, வூட்டை ஆல்ட்ரேஷன் பண்ணினப்ப வாங்கினது. கவரைக் கிழிச்சுட்டா அப்பறம் புதுசு எது, பழசு எது? சரக்கு சரக்குன்னு சத்தம் வரத்தான் செய்யும். நீங்க ஆடாம உக்காருங்க.

இவருதான் எங்கூட்டுக்காரரு. ஏனுங்க, நீங்க எந்திரிக்க வேண்டாம், கும்பிட்டதே போதும். இவரு பேச மாட்டாரு தம்பி. வெல்லச் சந்தையில ஏலம் கூவுற மனுஷன். இவரு கூவினா சந்தைக்கு அந்தக்கோடியில டீ குடிக்கறவன் கிளாஸை வெச்சுப்போட்டு ஓடி வருவான். மைக் கிடையாது, ஒண்ணு கிடையாது. இப்பப் பாருங்க, வாயைத் திறந்தா காத்துத்தான் வருது. புகை தொண்டையைத் தின்னுப்போட்டுது. கொஞ்ச நாளைக்குப் பேசவே கூடாது, குரலு வரும்போது வரட்டும்னுட்டாரு டாக்டரு. சந்தையில வேற ஒருத்தன் கூவறானாம். இவரு அந்தப் பக்கமே போறதில்ல.

அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னது. புகாரு குடுத்தது நான்தான், மயிலாத்தா. எங்கண்ணன் பையன் கம்ப்யூட்டர்ல அடிச்சான், நான் சொல்லச் சொல்ல. உங்க கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கறானே தரணிதரன், அவன் மேலதான். ஆமாங்க, எம்மாப்பிள்ளைதான். எம்மக சிவரஞ்சனியைக் கட்டினவன்தான். சொந்த மாப்பிள்ளை மேல எவளாவது புகாரு குடுப்பாளான்னு ஒறம்பறை, சொந்தபந்தமெல்லாம் கேக்குது. குடுப்பேன். எம்புருசன் தொண்டையைப் போக்கினவன் எவனா இருந்தா எனக்கென்ன?

மொதல்ல இருந்து சொல்றேன். நடுவுல கேள்வி கேட்டீங்கன்னா எனக்கு மறந்து போகும்.

இது எங்க மாமனாரு காலத்து வூடு. மக கல்யாணம் முடிஞ்சு, கையைக் காலை வீசி நடக்கற மாதிரி ஒரு வூடு வேணும்னு எடுத்துக் கட்டினோம். சமையக்கட்டைப் பெருசு பண்ணி, வெளிய இருந்த மாடிப்படியை உள்ள கொண்டாந்து, படிக்கு அடியில இன்வெர்ட்டரை வெச்சோம். கொத்தனாரு, கார்ப்பென்டர், டைல்ஸ்காரன்னு வூடே சந்தைக்கடையாட்டம் இருந்துச்சு. அதுக்கு நடுவுல மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், கோயமுத்தூருல இருந்து பைக்கை முறுக்கிட்டு வந்து நிப்பான். வந்தா வேலையா பாப்பான்? பேசுவான். வாயின்னா வாயி. பந்தியில எலை போட்டதும் பேச ஆரம்பிச்சான்னா, பக்கத்துல இருக்கறவன் ரசத்துக்குப் போயிருவான், இவன் எலையில பொரியலு அப்படியே இருக்கும். சிமென்டைப் பத்திப் பேசுவான், வயரைப் பத்திப் பேசுவான், வெளிநாட்டுல புது வூட்டுக்கு என்னென்ன சட்டம்னு பேசுவான். "அத்தை, அங்கெல்லாம் புகை அலாரம் இல்லாம வூட்டை வாடகைக்கு விடவே முடியாதுங்க அத்தை"ம்பான். நம்ம வூட்டை இப்ப எவனுக்கு வாடகைக்கு விடறோம்? ஆனாலும் இவருக்கு மாப்பிள்ளை மேல பிரியம். தலையைத் தலையை ஆட்டுவாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை அந்த அலாரப் பொட்டியோட வந்தான். வெள்ளை வெள்ளையா, இட்லி கணக்கா. சமையக்கட்டுல மாட்டினது சூட்டுக்குத்தான் கத்துமாம், மொளகாய் தாளிக்கற புகைக்கெல்லாம் கத்தாதாம். கூடத்துலயும் ரூம்லயும் மாட்டினது புகைக்குக் கத்துமாம். எங்கயாவது ஒண்ணு கத்தினா வூட்டுல இருக்கற அத்தனையுஞ் சேந்து கத்தும்னான். பட்டனை அமுக்கிக் காட்டினான் பாருங்க, அட சாமி! ஏணி மேல நின்னு சொவத்துக்குப் பட்டி தேய்ச்சுட்டிருந்த ஆளு குதிச்சு வெளிய ஓடிட்டான். இவனுக்கு ஒரே சிரிப்பு. "இனி நீங்க நிம்மதியாத் தூங்கலாங்க அத்தை"ன்னான். நான் எப்ப நிம்மதியில்லாமத் தூங்கினேன்?

ஒவ்வொண்ணு மேலயும் செவப்பு மூடி ஒண்ணு இருந்துச்சு. மெல்லிசு பிளாஸ்டிக்கு, டப்பா மூடியாட்டம். பட்டி தேய்க்கற தூசு உள்ள போயிரக் கூடாதுன்னு மாட்டியிருந்தான். பொய் சொல்லக் கூடாது தம்பி, அது எனக்குப் புடிச்சுது. பொருளைப் பொருளா வெச்சுக்கோணும்னு இவனுக்கும் ஒரு நெனப்பு இருக்குதேன்னு இருந்தேன். எங்க! பெயிண்ட் வேலை முடிஞ்சுது, வந்தான், மூடியை எல்லாங் கழட்டி எங்கையில குடுத்து, "குப்பையில போட்டுருங்க அத்தை, இனி வேண்டாம்"ங்கறான். குப்பையில! ஒரு கீறல் இல்லாத மூடி. என்னமோ காரணமெல்லாஞ் சொன்னான். அவன் சொல்ற காரணத்தை எல்லாம் நின்னு கேட்டா எங்கூட்டு அடுப்பு எரியுமா? சரிங்க மாப்பிள்ளைன்னு தலையை ஆட்டினேன். அவன் பைக்கு தெருமுக்குத் திரும்பினதும் சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காய வெச்சு, பெயிண்டரைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா மறுபடியும் மாட்டச் சொல்லிட்டேன். எதுத்த ரோட்டுல மண்ணு லாரி ஓடற ஓட்டத்தைப் பாத்தீங்கள்ல? அந்தத் தூசுக்கு மூடி இல்லாம எந்த மிஷினு தாங்கும்? இந்த ரிமோட்டைப் பாருங்க, வாங்கின கவரோடயே இருக்குது, நம்பரு அழியலை. பிரிட்ஜு கைப்பிடியைப் பாருங்க. எங்கூட்டுக்கு வந்த பொருளு எதுவும் கெட்டதா சரித்திரமே இல்ல.

ஏனுங்க, எதுக்கு இப்ப இருமறீங்க? மருந்தைக் குடிச்சீங்களா இல்லையா? கையைக் கையை ஆட்டாதீங்க. விசாரிக்க வந்திருக்கறாரு, கேட்டதுக்குச் சொல்ல வேண்டாமா?

என்ன தம்பி? ஆமாங்க, நான்தான் மாட்டச் சொன்னேன். எத்தனை தடவை கேப்பீங்க? நல்லா எழுதிக்குங்க. ஒழுங்கா வெச்சுக்கலைன்னு நாளைக்கு உங்க கம்பெனி எம்மேலயே பழியைத் திருப்பிரக் கூடாது பாருங்க. வெச்சுக்கிட்டது மட்டுமில்ல, அமாவாசைக்கு வூடு கழுவறப்பெல்லாம் விளக்குமாத்துக் கட்டையால பட்டனை அமுக்கிப் பாப்பேன். மூடி மேலயே அமுக்கலாம், அமுங்கும். அத்தனையுஞ் சேந்து கத்தும். அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. விளக்குமாத்துக்குக் கத்தின மிஷினு நெருப்புக்குக் கத்தலையே! அதுக்குப் பேரு என்ன? ஏமாத்து இல்லையா?

அன்னைக்கு எங்க நங்கையா, இவரு அக்கா வூட்டுல சீரு. இவரு வரலைன்னுட்டாரு. காலையில சந்தையில கூவி முடிச்சு வந்தவரு, சாப்பிட்டுப்போட்டு ஏசியைப் போட்டு ரூமைச் சாத்திப் படுத்துட்டாரு. இன்வெர்ட்டர் பக்கத்துல என்னமோ பொறி வந்திருக்குது. படிக்கு அடியில டிவி வந்த அட்டைப் பொட்டி, மிக்ஸி வந்த பொட்டி, தெர்மாகோல் எல்லாம் அடுக்கி வெச்சிருந்தேன். கேரண்டிக்குக் கேட்டா வேணுமில்ல? அதுல புடிச்சிருச்சு. நெருப்பு ரூமுக்கு வரலை தம்பி. புகைதான் கதவுச் சந்துல போயி ரூமை ரொப்பியிருக்குது. பக்கத்து வூட்டு ரோசலின் டீச்சரு துணி எடுக்க மாடிக்கு வந்தவ பாத்துக் கூச்சல் போட்டு, நாலு பேரு பின்கதவை ஒடைச்சு உள்ள போயி இழுத்துட்டு வந்தாங்க. டீச்சரு பாக்காட்டி இப்ப இந்த ஈஸிசேருல யாரு உக்காந்திருப்பாங்க, சொல்லுங்க. நான் சீரு வூட்டுல பந்தி பரிமாறிட்டிருந்தேன். போனு வந்ததும் சாம்பார் வாளியை அப்படியே கீழ விட்டுட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போயி இவரைப் பாத்துப்போட்டு, மாத்துத்துணி எடுக்க வூட்டுக்கு வர்றேன். மாப்பிள்ளை வந்திருக்கறான். எங்க நிக்கறான்? கூடத்துல ஸ்டூல் மேல. சுவரெல்லாம் கரி. அவன் அந்த அலாரத்தையே பாத்துட்டு நிக்கறான். அப்பறம் மூடியைக் கழட்டறான். கழட்டி சட்டைக்குள்ள போட்டுக்கறான். ரூமுக்குப் போறான், அங்கயும் கழட்டறான். மாமனாரு அங்க மூச்சுக்கு மாஸ்க்கு மாட்டிட்டுக் கெடக்கறாரு, இவன் இங்க மூடி பொறுக்கறான்! கரி புடிச்ச மூடி தம்பி, அதைக்கூட விடலை. புகாருல அதையும் எழுதச் சொன்னேனே, பாத்தீங்களா? வூட்டுக்காரங்களைக் கேக்காம மூடியை எடுத்துட்டுப் போனா அது திருட்டுத்தானே?

வாசல்ல ஒறம்பறை, அக்கம்பக்கம் எல்லாம் நிக்குது. கேட்டேன். "ஏன் மாப்பிள்ளை கத்தலை? கத்தும் கத்தும்னு குதிச்சீங்களே, ஏன் கத்தலை?"ன்னு கேட்டேன். இந்தப் பேச்சுப் பேசறவன் தம்பி, அன்னைக்கு வாயைத் திறக்கலை. எம்மொகத்தையே பாத்தான். அப்பறம், "தப்பு என்னுதுதானுங்க அத்தை"ன்னான். அவ்வளவுதான். நியாயம் இருந்தாப் பேசியிருக்க மாட்டானா? குத்தம் இருக்கப் போயித்தானே வாய் அடைச்சுது? எனக்கு வந்துது பாருங்க ஆத்தரம். "கம்பெனியில கழிச்சுப் போட்ட சரக்கைக் கொண்டாந்து எந்தலையில கட்டினயாடா"ன்னு கேட்டுட்டேன். மாப்பிள்ளையைப் போயி 'டா' போட்டுட்டேன், அத்தனை பேருக்கு முன்னால. இன்னும் என்னென்னவோ. அவங்கம்மா வளத்த வளப்பு வரைக்கும். தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். எம்மகதான் அழுதுட்டே அவன் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. ஆஸ்பத்திரிக்கு அவன் வந்தா நான் இருக்க மாட்டேன்னு சொல்லி விட்டுட்டேன்.

நடுவுல ஒரு தடவை மக கூப்பிட்டா. "அம்மா, புகாரைத் திருப்பி வாங்கிக்கோ"ங்கறா. அவனை வேலைக்கு வர வேண்டாம்னு நிறுத்தி வெச்சிருக்கறீங்களாமே, விசாரணை முடியற வரைக்கும். முடிஞ்சா வேலையே போயிருமாம். "எதுக்கு வாங்கோணும்? நான் சொன்னதுல எது பொய்யி?"ன்னு கேட்டேன். "எதுவும் பொய்யில்லம்மா"ன்னு சொல்லி அழுகறா. பொய்யில்லைன்னா என்னத்துக்குடி அழுகறேன்னு நானே போனை வெச்சுட்டேன். இவரும் அதேதான். ராத்திரி பகலு எந்நேரமும் "விடு, விடு"ன்னு காத்தாட்டம் சொல்லிட்டிருப்பாரு. தொண்டை போனது உங்களுக்கு, விடச் சொல்றதும் நீங்களா? வாடகை வூட்டுல எம்மக என்ன பாடு படறாளோன்னு எனக்கு மட்டும் நெனப்பில்லையா? இருக்குது. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குதில்ல.

அவ்வளவுதான் தம்பி. இனி உங்க கையில இருக்குது. என்ன, இல்லைன்னு தலையை ஆட்டறீங்க? நீங்களும் அவன் கூட்டாளியா?

என்னது?

அவன் கைப்பட எழுதிக் குடுத்திருக்கறானா? என்னன்னு? மூடியைக் கழட்ட மறந்துட்டேன்னா?

மறந்தானா? அவன் எங்கீங்க மறந்தான், கழட்டி எங்கையில குடுத்தானே. நான்தானே மறுபடியும்... இருங்க. அதை எதுக்கு அவன் எழுதோணும்? மூடி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

காட்டுங்க. பையில ஒண்ணு வெச்சிருக்கறீங்களா, எடுங்க. இது எங்கூட்டுல இருக்கறதேதான். மூடியும் அதேதான். சரி, கழட்டுங்க. இந்த ஓரத்துல இருக்கற சந்து வழியாவா? இதுல புகை உள்ள போனாத்தான் அதுக்குத் தெரியுமா? அப்ப மூடி போட்டிருந்தா?

மூடி போட்டிருந்தா?

பட்டன் வேற, அது வேறயா? கட்டையால அமுக்கினப்பக் கத்தினது சத்தம் வருதான்னு பாக்கறதுக்கு மட்டுமா? அதுக்கு மூக்கு அடைச்சிருந்துது, வாய் மட்டும் கத்தினதா?

இல்ல, தண்ணி வேண்டாம். நீங்க உக்காருங்க.

ஏனுங்க. இங்க திரும்புங்க. சொவத்தை எதுக்குப் பாக்கறீங்க, எம்மொகத்தைப் பாருங்க. உங்களுக்குத் தெரியுமா? தலையை ஆட்டுங்க, போதும். தெரியுமா. எப்ப இருந்து? ஆஸ்பத்திரியிலயேவா? நான் இல்லாத நேரம் பாத்து மாப்பிள்ளை வந்து அந்த மூடியைக் காட்டினாரா? காட்டி? சத்தமாச் சொல்லுங்க, காதுல விழுகலை. இருங்க, பக்கத்துல வர்றேன். சொல்லுங்க.

"அத்தைக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாங்க"ன்னாரா?

தாங்க மாட்டேனா? நானா? யாரு அவரைக் கேட்டது? நான் கேட்டனா, என்னைக் காப்பாத்துங்க மாப்பிள்ளைன்னு? நாலு பேரு முன்னால அந்தப் பேச்சுப் பேசறேன், ஒரு வார்த்தை, "அத்தை, நீங்க மாட்டின மூடி"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கயே நிறுத்தியிருப்பேனே! அவங்கம்மா வரைக்கும் போயிருப்பேனா? வெளிநாட்டுச் சட்டம் எல்லாம் சொல்லத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியலை. அப்படி என்ன நெஞ்சழுத்தம்? நீங்களும் இத்தனை நாளா, நான் திட்டத் திட்ட, சொவத்தைப் பாத்துட்டே படுத்திருந்தீங்க. மகளுக்கும் தெரியும். பொய்யில்லம்மான்னு அதான் அழுதா. எல்லாருஞ் சேந்து என்னைப் பொத்திப் பொத்தி வெச்சீங்களாக்கும். உங்க தொண்டை போனது என்னாலன்னு தெரிஞ்சா இவ அழுவான்னு. அழுதா என்ன? அழுதுட்டுப் போறேன். வெலக்கி விடுங்க கையை. கண்ணைத் தொடைக்க எனக்குத் தெரியும்.

தம்பி, பேனாவை எடுங்க. எதுக்கு மூடி வெக்கறீங்க? புகாரைத் திருப்பி வாங்கறேன்னு யாரு சொன்னா? வாங்க மாட்டேன். எழுதுங்க. உங்க கம்பெனி சூப்பர்வைசரு தரணிதரன் கம்பெனிக்குப் பொய் எழுதிக் குடுத்திருக்கறாரு. அவரு மறக்கலை. கழட்டிக் குடுத்தாரு, குப்பையில போடச் சொன்னாரு, காரணமும் சொன்னாரு. கேக்காதது நானு. மாட்டினது நானு. அட்டைப் பொட்டியை அடுக்கினதும் நானு, அதையும் எழுதுங்க. நான் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம எழுதுங்க. நான் எவ்வளவு சத்தமாச் சொன்னேன், உங்க காதுல விழுந்துதில்ல? கீழ நான் கையெழுத்துப் போடறேன். உங்க பெரியவங்க யாராவது, அந்தப் பையன் மேல தப்பிருக்குதுன்னு சொன்னா நேரா இங்க வரச் சொல்லுங்க. நான் பேசிக்கறேன்.

இன்னொண்ணு, இதையும் போடுங்க. மாட்டினா ஆளு செத்துப் போகும்ங்கற மூடியை எதுக்கு அவ்வளவு அழகாச் செஞ்சு அனுப்பறீங்க? கழட்டோணும்னு எழுதியிருக்குதா? எங்க? இந்த எறும்பு எழுத்துலயா? அதுவும் இங்கிலீஷுல? எனக்கு எதுக்குங்க இங்கிலீஷு? பெருசாத் தமிழ்ல எழுதி அனுப்பறதுக்கு உங்களுக்கு என்ன கேடு? அது என்னோட புதுப் புகாரு. தனியா எழுதிக்குங்க.

போட்டாச்சா? குடுங்க, கையெழுத்துப் போடறேன்.

இப்ப உங்க போனை எடுங்க. மாப்பிள்ளை நம்பரு இருக்குமில்ல? போட்டுக் குடுங்க. நாலு கேள்வி கேக்கோணும், கேக்காம விட மாட்டேன். இல்லீங்க, எம் போனு வேண்டாம். உங்களுதுலயே போடுங்க.

எம் பேரைப் பாத்தா எடுக்க மாட்டாரு.